நடக்கிறவர்கள் கூப்பிட்டால்

போன கோடையில் எடின்பரோவிலிருந்து படித்த மனிதர் ஒருவர் வந்தார். கையில் நோட்டுப் புத்தகம், காலில் எங்கள் சதுப்புக்குக் கொஞ்சமும் தாங்காத மெல்லிய பூட்ஸ். கடற்பறவைகளுக்கு மாலுமிகளும் மீனவர்களும் என்னென்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று ஊர் ஊராக எழுதிக்கொண்டு போகிறாராம். மீன் காயப்போடும் கூழாங்கல் கரையில் எங்களைச் சுற்றி உட்காரவைத்து, கைக்குட்டையைப் பிரித்து, செத்த பறவை ஒன்றைக் காட்டினார். குருவியைவிடக் கொஞ்சம் பெரியது. அடுப்புக்கரி நிறம். வாலுக்கு மேலே மட்டும் ஒரு வெள்ளைத் திட்டு.

"இதுக்கு உங்க ஊர்ல என்ன பேருங்க?"

நான் முந்தி நீ முந்தி என்று கத்தினார்கள். அலமூட்டி என்றான் ஒருவன். ஸ்பென்சி என்றான் தெற்குத் தீவுக்காரன். சரக்குக் கப்பலில் உலகம் சுற்றி வந்த ஒரு பல்லில்லாத ஆள், "கேரி ஆத்தா கோழிக்குஞ்சுங்க" என்றான்.

"யாருங்க அந்தக் கேரி ஆத்தா?"

"யாரு கண்டா? புயலக் கெளப்பி விடுறவளாம். அவ கோழி மேயுற எடத்துல கப்பலுக்குக் கேடுதான். பிரெஞ்சுக்காரனுங்க இதையே சாத்தான் குருவிம்பானுங்க. நம்ம ஆத்தாளே தேவலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். "கடல்ல இருக்கும்போது மட்டும் வேற ஒரு பேர் சொல்லுவீங்களாமே. அது என்ன?"

சிரிப்பு நின்றது. ஒருவன் சுங்கானில் புகையிலை அடைக்க ஆரம்பித்தான். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். எல்லாருக்கும் என் கதை தெரியும். பனிமூட்டத்தில் எந்தக் குரல் கேட்டாலும் பதில் கொடுக்கிற கிறுக்கன் என்று இரண்டு படகிலிருந்து என்னை இறக்கிவிட்டிருக்கிறார்கள்.

"அப்படி ஒண்ணும் கிடையாதுங்க," என்றேன்.

பொய் என்று அவருக்கும் தெரியும். நான் சொல்லியிருந்தால் அவர் பெயரை எழுதிக்கொள்வார், அச்சுப் போடுவார், படித்தவர்கள் தலையாட்டுவார்கள். அந்தப் பெயர் எங்களுக்கு என்ன செய்தது என்பதை எந்தப் பத்தியில் எழுதுவார்? எழுத்து எனக்கும் கொஞ்சம் வரும். நானே எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஹெல்யாவிக் துறையில் கரைப் பேச்சு வேறு, கடல் பேச்சு வேறு. ஷெட்லாந்துத் தீவுகள் முழுவதும் அப்படித்தான். படகு கரையை விட்டதும் போதகரைப் போதகர் என்று சொல்லக்கூடாது. நிமிர்ந்து நிற்கிறவர் என்று சொல்லவேண்டும். பூனை அங்கே அழுகிறவள். வாய் தவறிக் கரைப் பெயரைச் சொல்லிவிட்டால் உடனே இரும்பைத் தொடவேண்டும். கொக்கியோ கத்தியோ, கைக்கு எட்டுகிற இரும்பு எதுவானாலும் சரி. நான் சிறு வயதிலிருந்தே உளறுவாயன். என் பக்கத்தில் ஒரு கொக்கியை நிரந்தரமாக மாட்டி வைத்திருந்தார்கள்.

கரையில் அலமூட்டிக்கு ஒரு மரியாதையும் கிடையாது. கற்சுவர் இடுக்குகளில் குடியிருக்கும். கை விட்டால் முகத்தில் எண்ணெயைக் கக்கும். அந்த நாற்றம் சட்டையை விட்டுப் போக ஒரு வாரம் ஆகும். உடம்பெல்லாம் எண்ணெய் என்பதால் செத்துக் காய்ந்ததன் தொண்டையில் திரி கோத்து விளக்காக ஏற்றியவர்களும் எங்கள் ஊரில் உண்டு. ஆனால் கடலுக்குப் போய்விட்டால் அதன் பெயர் நடக்கிறவன். காலைத் தொங்கவிட்டுக்கொண்டு தண்ணீர்மேல் தத்தித் தத்தி நடக்கும். மூழ்கிச் செத்து, மண்ணில் அடக்கமாகாதவன்தான் அப்படி நடக்கிறான் என்பார்கள். கூப்பிடவும் செய்வானாம். பனிமூட்டத்தில் படகருகே வந்து, வீட்டில் உன்னை எந்தப் பெயரால் கூப்பிடுவார்களோ அந்தப் பெயரால் கூப்பிடுவானாம். பதில் கொடுத்தாயோ, படகோடு போனாய். அதனால் வாயைத் திறக்காதே, துடுப்பை நிறுத்தாதே.

இதன் கூடவே இன்னொன்றும் உண்டு. பனியில் வேறு படகின் துடுப்புச் சத்தம் கேட்டால் குரல் கொடுத்துப் பார்க்கலாம். மூன்று தடவை கூப்பிட்டும் பதில் வராவிட்டால் அது செத்தவர்கள் வலிக்கிற படகு. அதற்குமேல் நீ கத்தினால் உன்னையும் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

இந்த இரண்டு விதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எங்களில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. எத்தனை தலைமுறை! அத்தனை பேரிடமும் மூளை இருந்தது. எனக்கும் இருந்தது.

என் அண்ணன் கிதியோன் என்னைவிட ஆறு வயது மூத்தவன். நான் ஆறடி உயரம், கதவில் குனிந்துதான் நுழைவேன். அவன் என் தோள் உயரம்கூட இல்லை. இருந்தாலும் அவனுக்கு நான் 'பொடியன்'. ஊருக்கெல்லாம் கில்பர்ட், அவனுக்கு மட்டும் பொடியன். அப்பா அம்மா போன பிறகு உலகத்தில் அந்தப் பெயரைச் சொல்ல அவன் ஒருத்தன்தான் இருந்தான்.

எனக்கு ஒன்பது வயதில் முட்டை எடுக்கக் குன்றில் ஏறி, விழுந்து, இடது தோள் கழன்றுவிட்டது. அண்ணன்தான் முதுகில் சுமந்து வந்தான். எலும்பு சரியாகக் கூடவில்லை. அதனால் துடுப்புப் போடும்போது மற்ற ஐந்தும் ஒன்றாக விழும், என்னுடையது அரை மூச்சு பிந்தி விழும். "ஆர்தர் மாமா படகுல அஞ்சரை துடுப்பு" என்று துறை முழுக்கக் கேலி செய்வார்கள். ஆர்தர் மாமா எங்கள் அம்மாவின் தம்பி. சுக்கான் அவர் கையில். வேறு யாரும் ஏற்றிக்கொள்ளாத என்னை அவர்தான் ஏற்றிக்கொண்டார். அண்ணன் இன்னொரு படகுக்குச் சுக்கான் பிடித்தான். அவன் மகள் ஒஸ்லாவைக் கட்டியிருந்த ஹென்ட்ரியும் அதே படகில் போனான். கல்யாணமாகி எட்டு மாதம்.

ஜூலை நடுவில் ஒரு திங்கட்கிழமை இரண்டு படகும் ஒன்றாகத்தான் கிளம்பின. கரை கண்ணுக்கு மறையும் வரை மேற்கே போய், தூண்டில் கயிறுகளை இறக்கினோம். மறுநாள் காலையில் லிங் மீனை ஏற்றிக்கொண்டிருக்கும்போது வடக்கிலிருந்து காற்று அடித்தது. கயிறுகளை வெட்டி எறிந்தோம், மீனையும் வாரிக் கொட்டினோம். பாய் கிழிந்தது. அண்ணன் படகின் பாயைக் கடைசியாக நான் பார்த்தது அப்போதுதான். ஓர் அலைக்குப் பின்னால் போனது. அடுத்த அலையில் இல்லை.

மாலைக்குள் காற்று விழுந்துவிட்டது. புதன்கிழமை காலையில் பனி இறங்கியது. முன்னால் உட்கார்ந்திருப்பவனின் முதுகு தவிர ஒன்றும் தெரியாத பனி. திசைகாட்டியை மடியில் வைத்துக்கொண்டு மாமா கிழக்கே திருப்பினார். நாங்கள் ஆறு பேரும் வலித்தோம். ஓட்ஸ் ரொட்டி நனைந்து கூழாகியிருந்தது. அதையே வழித்துத் தின்றோம். பெரிய அலை இல்லை, நீர் வழுவழுவென்று கிடந்தது. நடக்கிறவர்கள் வந்தார்கள். ஒன்று, மூன்று, பிறகு பத்துப் பன்னிரண்டு, துடுப்புகளுக்கு நடுவில் தத்திக்கொண்டு. யாரும் அவற்றைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அப்போதுதான் கேட்டது.

"பொடியா…"

இடது பக்கம். கல்லெறிந்தால் விழுகிற தூரம் இருக்கலாம், அதைவிடக் கொஞ்சம் கூடவும் இருக்கலாம். பனியில் எதுவும் சொல்ல முடியாது. என் துடுப்பு நின்றது.

"நிறுத்தாத," என்றார் மாமா.

"மாமா, அது அண்ணன்—"

"ஆளு பேரச் சொல்லாத! இரும்பத் தொடு!"

தொட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அண்ணன் குரல் கேட்டதும் நான் செய்த முதல் காரியம் கொக்கியைத் தொட்டதுதான்.

"பொடியா… டேய் பொடியா…"

"மாமா, கிட்டத்துல இருக்கு. ஒரு தடவ திருப்பிப் பாத்துடலாம் மாமா. ஒரே ஒரு தடவ."

மாமாவுக்கும் அவன் அக்கா மகன்தான். குரலைத் தாழ்த்தி, பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். "யோசிச்சுப் பாருடா. உசுரோட இருக்கறவன் என்னன்னு கத்துவான்? காப்பாத்துங்கன்னு கத்துவான். படகு யாரோடதுன்னு கேப்பான். இந்தப் பனியில நீ இங்க இருக்கன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? உன் வீட்டுப் பேர மட்டும் சொல்லி ஏன் கூப்பிடுது? அது அவன் இல்லடா. அவன் இருந்தான், இப்ப இல்ல. வலி."

அந்தப் பேச்சில் எனக்கு ஓட்டை ஒன்றும் தெரியவில்லை. இத்தனை பெரிய மூடுபனியில் நான் இந்தப் படகில், இந்த இடத்தில் இருப்பது உயிருள்ள மனிதனுக்கு எப்படித் தெரியும்? அப்படியானால் அண்ணன் செத்துவிட்டான். எனக்கு அது அந்த நிமிடத்தில்தான் உறுதியானது.

மூன்றாவது தடவையும் கூப்பிட்டது. அதற்குப் பிறகு வேறொரு குரல் மாதிரி என்னவோ தொடங்கி, பாதியில் நின்றுவிட்டது. பிறகு ஒன்றும் இல்லை. நடக்கிறவர்கள் மட்டும் சுற்றிச் சுற்றி வந்தார்கள். நான் அண்ணனுக்காக அழுதுகொண்டே துடுப்புப் போட்டேன். மூக்கைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

கரை தெரிந்ததும் மாமா எல்லாரையும் பார்த்துச் சொன்னார். "அங்க கேட்டத இங்க பேசாதீங்க. பொம்பளைங்களுக்குத் தூக்கம் போயிடும்." ஐந்து பேரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

ஒஸ்லா கரையில்தான் நின்றாள். என் அண்ணன் மகள் என்பதற்காகச் சொல்லவில்லை, எங்கள் துறையில் அவளைப்போல் நிமிர்ந்து பார்த்துப் பேசுகிற பெண் கிடையாது. படகுகள் ஒவ்வொன்றாக வந்து சேர, ஒவ்வொரு படகுக்காரனையும் நிறுத்திக் கேட்டாள். எங்கே பார்த்தாய், எப்போது பார்த்தாய், பாய் எந்தப் பக்கம் சாய்ந்தது. மூன்றாம் நாள் போதகர் அண்ணன் படகில் போன ஆறு பேருக்கும் சேர்த்து ஜெபம் நடத்தினார். அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கறுப்புத் துணி போர்த்திக்கொள்ளாமல், கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் நான் அவள் வீட்டுக்கு மீன் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளுக்கு அம்மாவும் இல்லை. நடுவீட்டில், விறகுக்குப் பதிலாக நாங்கள் எரிக்கிற சதுப்பு மண்கட்டி புகைந்துகொண்டிருந்தது. கூரையிலிருந்து தொங்குகிற இரும்புச் சங்கிலியில் பானை.

"சித்தப்பா," என்றாள். "நீங்க பனியில வந்தீங்கல்ல. ஏதாவது சத்தம் கேட்டுதா?"

"இல்லம்மா."

"குரல் எதுவும்?"

"ஒண்ணும் கேக்கலம்மா."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். என் கை பானைச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டிருந்தது. எப்போது பிடித்தேன் என்று எனக்கே தெரியாது.

"கரையில எதுக்கு சித்தப்பா இரும்பத் தொடறீங்க?"

"சுடுதான்னு பாத்தேன்," என்று என்னவோ உளறிவிட்டு வெளியே வந்துவிட்டேன். பிறகு இரண்டு வாரம் மீனை வாசலில் வைத்துவிட்டு ஓடிவந்தேன். சங்கிலி சுட்டு வந்த கொப்புளம் உடைந்து தோல் உரிந்தது. பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை.

ஆகஸ்டு முதல் வாரம், பட்டப்பகல். நாங்கள் கரையில் மீனைப் பிளந்து உப்பு போட்டுக்கொண்டிருந்தோம். டச்சுக்காரர்களின் மீன்பிடிக் கப்பல் ஒன்று துறைவாயில் வந்து நின்றது. தண்ணீர் பிடிக்க வருகிறார்கள் என்று நினைத்தோம். சின்னப் படகை இறக்கினார்கள். அது கிட்டே வந்தபோது, நடுவில் உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்து ஒரு பெண் கத்தியை நழுவவிட்டாள்.

அண்ணன். டச்சுக்காரனின் பெரிய சட்டை போட்டிருந்தான், முகம் சுருங்கியிருந்தது, ஒரு காதைத் துணியால் கட்டியிருந்தான். ஆனால் அண்ணன்தான். கரையில் அலறலும் சிரிப்பும் ஒன்றாகக் கிளம்பின. ஒருவன் போய்த் தொட்டே பார்த்தான்.

அண்ணன் தண்ணீரில் இறங்கி நடந்து வந்தான். தொடுகிறவர்களின் கையையெல்லாம் பிடித்தான். கண்ணில் நீர் வழிந்தது, வாய் சிரித்தது. நான் உப்புக் கையோடு ஓடினேன். "அண்ணே!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

அவன் என்னைப் பார்த்தான். நின்றுவிட்டான்.

தம்பி உயிரோடு இருப்பதைப் பார்த்த ஓர் அண்ணனின் முகம் எப்படி இருக்கவேண்டும் என்று உங்களுக்கே தெரியும். அந்த முகத்தை அவன் எனக்குக் காட்டவில்லை. சிரித்த வாய் மூடிக்கொண்டது. என் தோளைப் பார்த்தான், இடது தோளை. பிறகு என் பின்னால் நின்ற ஆர்தர் மாமாவைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்து ரத்தமெல்லாம் இறங்கிப் போனதை நான் கண்ணால் கண்டேன்.

"நீ இருக்கியா," என்றான். அவ்வளவுதான்.

எனக்குப் புரியவில்லை. பயந்துபோயிருக்கிறான், களைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். என்னைக் கடந்து, மேலே ஒஸ்லாவின் வீட்டைப் பார்த்து நடந்தான். அவளே எதிரில் ஓடிவந்தாள். அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அவன் தோளுக்கு மேலாகப் படகைப் பார்த்தாள். படகில் வேறு யாரும் இல்லை.

வீட்டுக்குள் அவர்கள் இருவரும், நானும். அண்ணன் மோர்த் தெளிவை இரண்டு மடக்கு குடித்துவிட்டு, அவள் கேட்பதற்கு முன்னே சொல்ல ஆரம்பித்தான். படகு கவிழ்ந்தபோதே மூன்று பேர் போய்விட்டார்கள். மற்ற மூன்று பேரும் கவிழ்ந்த அடிப்பலகையில் ஏறித் தொற்றிக்கொண்டார்கள். விடிவதற்குள் இன்னொருவன் வழுக்கிப் போனான். அண்ணனும் ஹென்ட்ரியும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் சேர்த்துப் பிடித்திருந்தார்கள். புதன்கிழமை நடுப்பகல் தாண்டி ஹென்ட்ரி அவன் கைக்குள்ளேயே செத்துப்போனான். மறுநாள் டச்சுக் கப்பல் வந்து எடுத்தது. அவர்கள் ஹென்ட்ரியைத் துணியில் சுற்றி, மரியாதையாகத் தொப்பி கழற்றி, கடலில் இறக்கினார்கள். கப்பல் நிறையும்வரை அவர்கள் கரைக்கு வரமாட்டார்கள்; அதனால்தான் இவ்வளவு நாள்.

ஒஸ்லா அழவில்லை. கையை மடியில் கோத்துக்கொண்டு கேட்டாள். "புதன்கிழமை நடுப்பகல் வரைக்கும் இருந்தாரா?"

"இருந்தான்மா."

"பேசினாரா?"

"பேசினான். உன்னப் பத்திப் பேசினான்."

"அதுவரைக்கும் ஒரு படகும் அந்தப் பக்கம் வரலையாப்பா?"

அண்ணன் நெருப்பைப் பார்த்தான்.

"வரல," என்றான்.

"சித்தப்பாவும் அன்னிக்கு ஒண்ணும் கேக்கலன்னாரு," என்றாள் மெதுவாக. "கேக்கலதான சித்தப்பா?"

"கேக்கல," என்றேன்.

பானையில் நீர் கொதித்தது. அவள் எழுந்து எங்கள் முன்னால் வந்து நின்றாள்.

"அப்புறம் ரெண்டு பேரும் ஏன் அந்தச் சங்கிலியப் பிடிச்சிருக்கீங்க?"

பார்த்தேன். என் கை சங்கிலியில் இருந்தது. அதற்கு மேலே ஒரு சாண் தள்ளி அண்ணனின் கையும் இருந்தது.

நான் ஒன்றும் தைரியசாலி இல்லை. மூன்று வாரமாக நெஞ்சில் கிடந்ததை இனிமேல் பிடித்து வைக்கத் தெம்பில்லாமல்தான் சொன்னேன். "கேட்டேன். மூணு தடவ கேட்டேன். அண்ணன் குரல்னு தெரிஞ்சுது. செத்துட்டான், நடக்கிறவன் கூப்பிடுறான்னு நினைச்சு வலிச்சுட்டுப் போயிட்டேன். என்ன மன்னிச்சுடு அண்ணே. ஒஸ்லா, என்னைய என்ன வேணும்னாலும் செய்."

அண்ணன் தலையை ஆட்டினான். "தெரியும்டா. கரையில உன்னப் பாத்தப்பவே தெரிஞ்சுடுச்சு."

"எப்படி?"

"அஞ்சு துடுப்பு ஒண்ணா விழுந்துச்சு, ஒண்ணு பின்னால விழுந்துச்சு. உலகத்துல அப்படி வலிக்கிறவன் நீ ஒருத்தன்தான்டா. அதான் உன் பேரச் சொல்லிக் கூப்பிட்டேன். ஆர்தர் மாமான்னு ஏன் கத்தணும்? என் தம்பி வர்றான், தம்பியக் கூப்பிட்டேன்." அவன் சங்கிலியிலிருந்து கையை எடுத்தான். "மூணு தடவ. பதில் இல்ல. என் பொடியன் உசுரோட இருந்தா பதில் சொல்லாமப் போவானா? அப்ப அவனும் போயிட்டான், செத்தவங்களோட சேந்து வலிக்கிறான்னு நினைச்சேன். உனக்காக அழுதேன்டா அங்க உக்காந்துட்டு."

நானும் அவனுக்காக அழுதேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் மகளிடம் திரும்பினான்.

"இன்னும் ஒண்ணு இருக்கும்மா. ஹென்ட்ரிக்கு நம்ம ஊரு பயமெல்லாம் கிடையாது, உனக்குத் தெரியும். அவன் கத்த ஆரம்பிச்சான். நான்—" அவன் வலது கையை விரித்து, உள்ளங்கையை அவளுக்குக் காட்டினான். "நான் இதால அவன் வாயப் பொத்தினேன். கத்தாதடா, ஏத்திக்கிட்டுப் போயிடுவாங்கன்னு சொன்னேன். அவன் திமிறினான். துடுப்புச் சத்தம் போற வரைக்கும் பொத்தினேன். அப்புறம் ரெண்டு மணி நேரம் இருந்தான். என்னத் திட்டக்கூட இல்ல."

பாதியில் நின்றுபோன அந்தக் குரல் எனக்கு நினைவுக்கு வந்தது. கரையில் அண்ணன் என்னைப் பார்த்ததும் ஏன் வெளுத்தான் என்பது இப்போது புரிந்தது. நான் செத்திருந்தால் அவன் கை குற்றமற்ற கை. நான் உயிரோடு நின்றதைப் பார்த்த அந்த நொடியில்தான், தான் என்ன செய்தோம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மகளிடம் பொய் சொன்னது என்னைக் காப்பாற்றவா, தன்னைக் காப்பாற்றவா என்று நான் இன்றுவரை அவனைக் கேட்டதில்லை.

ஒஸ்லா அந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எங்கள் இருவருக்கும் நன்றாக இருந்திருக்கும். அவள் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, முக்காலியை இழுத்து எங்களுக்கு நடுவில் போட்டு உட்கார்ந்தாள்.

"கூப்பிடுங்கப்பா."

"என்னம்மா?"

"அன்னிக்கு எப்படிக் கூப்பிட்டீங்களோ அப்படிக் கூப்பிடுங்க."

"ஒஸ்லா, வேண்டாம்மா—"

"கூப்பிடுங்க."

அண்ணனுக்கு உதடு கூடவில்லை. இரண்டு தடவை காற்றுதான் வந்தது. பிறகு வந்தது, நெருப்பின் அந்தப் பக்கத்திலிருந்து, கடலில் கேட்ட அதே குரலில்.

"பொடியா…"

அவள் என் பக்கம் திரும்பினாள். "பதில் சொல்லுங்க சித்தப்பா."

என் கை சங்கிலியைத் தேடிப் போனது. அவள் அந்தக் கையைப் பிடித்து என் மடியில் வைத்தாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

"இங்க இருக்கேன்ணே," என்றேன். "இந்தா வந்துட்டேன்."

ஒஸ்லா தலையசைத்தாள். முதல் தடவையாக அவள் கண்ணிலிருந்து நீர் இறங்கியது, துடைக்கவில்லை. அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவ்வளவுதான்," என்றாள். "இதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"